ஹேட்ச்சுக்குள்ள நிழல் தான் இருக்கு, குளிர் இல்ல: ஒரு சூரை மீனோட பதினோரு மணி நேரம்

இது 2023 பிப்ரவரி கடைசில தென்னாப்பிரிக்கால இருக்குற டர்பன்ல நடந்த விஷயம். யாரும் சாகல, ஆஸ்பத்திரில படுக்கல, படகு கவுழல. ஒரு மீன், அஞ்சு பேர் சாப்பாடு, மூணு பேருக்கு உடம்பு சரியில்ல, அவ்வளவு தான். ஆனா அதுல என்ன தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு மாசம் ஆச்சு, அந்த நாலு மாசமும் ஒரு அம்மா மீனே தொடாம இருந்தாங்க, அதனால தான் முழுசா எழுதி வெக்கணும்னு தோணுச்சு.

நான் தூத்துக்குடிக்காரன், வேலைக்காக இங்க வந்து ஆறு வருஷம். கூட மீன் பிடிக்க வர்றவர் சாட்ஸ்வொர்த்ல இருக்குற ஒரு அண்ணன், இங்கயே பொறந்தவர், அவங்க குடும்பம் கரும்பு தோட்டத்துக்கு கூலியா வந்த காலத்துல இருந்து நட்டால்ல தான், அதாவது டர்பன் இருக்குற மாகாணத்துல. பேச்சு முக்காவாசி இங்கிலீஷ் தான், ஆனா சாமி பேரு, சாப்பாட்டு பேரு, உறவு முறை எல்லாம் தமிழ்ல வரும். என்னை தம்பின்னு தான் கூப்பிடுவாரு. அவர் தான் எனக்கு ஸ்கி பழக்கி விட்டது. இங்க கயாக்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஃபிஷிங் ஸ்கின்னு தான் சொல்லுவாங்க, ஃபைபர்ல செஞ்ச நீளமான ஒல்லியான கயாக், அலையை வெட்டிக்கிட்டு போறதுக்குன்னே செஞ்சது, முன்னாடி பக்கம் நீளமா ஒரு மூடி இருக்கும், அதைத் தொறந்தா உள்ள மீன் போடுற ஹேட்ச். இந்த ஹேட்ச் தான் கதைல முக்கியமான ஆளு.

தைப்பூசம் அந்த வருஷம் பிப்ரவரி 5, ஞாயித்துக்கிழமை. அண்ணன் வீட்ல எல்லாரும் காவடி விரதம், மீன் கறி எதுவும் கிடையாது. விரதம் முடிஞ்சும் ரெண்டு வாரமா மழை, கடல் கலங்கி ஆத்து தண்ணி மாதிரி கெடந்துச்சு. அதனால அந்த சனிக்கிழமை வெச்சஸ் பீச்ல ஸ்கிய எறக்குறப்போ ரெண்டு பேருக்கும் ஒரே வெறி தான். வீட்ல அண்ணி புளி கரைச்சு வெச்சுட்டு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு வேற சொல்லிட்டாரு.

அன்னைக்கு நேரம் எப்படி போச்சுன்னா

காலைல 5:20க்கு எறங்குனோம். 6:05க்கு என் தூண்டில்ல ஒரு சூரை. இங்க அதை பொனிட்டோன்னு சொல்லுவாங்க, நிறைய பேர் சாப்பிடவே மாட்டாங்க, வெட்டி இரைக்கு தான் வெப்பாங்க. எனக்கு மனசு வரல. எங்க ஊர்ல சூரைன்னா கறி, மாசி, புட்டுன்னு ஒண்ணையும் விட மாட்டோம். நாலு கிலோ இருக்கும், இருபது நிமிஷம் இழுத்து அடிச்சுது, மேல வந்ததும் தலைல ஒரு தட்டு தட்டி ஹேட்ச்சுல போட்டு மூடிட்டேன். ரத்தம் எடுக்கல. ஏன்னா ரத்தம் தண்ணில விட்டா சுறா வந்துரும்னு பயம், அது ஒரு பக்கம் நியாயமான பயம் தான், அதை பின்னாடி சொல்றேன்.

8:50க்கு அண்ணனுக்கு ஒரு கூடா. நம்ம வஞ்சிரம், தூத்துக்குடில சீலாம்போம், அதே இனம் தான். ஒம்பது கிலோ. அவரு ஸ்கியோட ஹேட்ச் மூடி சரியா மூடாம தண்ணி ஏறிக்கிட்டு இருந்ததால அதையும் என் ஹேட்ச்சுல தான் போட்டோம். அது நீளம் ஜாஸ்தி, அதனால சூரைய மேல தள்ளிட்டு கூடாவ அடில படுக்க வெச்சோம். அடில தான் ஐஸ் பாட்டில் ரெண்டும் இருந்துச்சு. அதாவது முதல்ல புடிச்ச மீன் மேல, வெயில் பட்டு சுடுற மூடிக்கு ஒட்டி. பின்னாடி புடிச்ச மீன் கீழ, ஐஸ் மேல. அந்த நேரத்துல யாருக்கும் இது ஒரு முடிவாவே தெரியல, இடம் பத்தல, தள்ளி வெச்சோம், அவ்வளவு தான்.

10:15க்கு கரை. அங்க போட்டோ, பேச்சு, தெரிஞ்சவங்க நாலு பேர் வந்து கூடாவ தூக்கி பார்த்தது, ஸ்கிய கழுவி காருக்கு மேல கட்டுனது, இதுலயே ஒரு மணி நேரம் போயிருச்சு. மீன் ரெண்டும் ஒரு ஈர சாக்கு மேல கெடந்துச்சு. 11:45க்கு சாட்ஸ்வொர்த். 12 மணிக்கு லோட்ஷெடிங், கரண்ட் போச்சு, ரெண்டு மணிக்கு தான் வந்துச்சு. ஃப்ரிட்ஜுல வெச்சோம் தான், ஆனா கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ் ஒரு வெள்ளை பீரோ. மூணு மணிக்கு எடுத்து வெட்டுனோம். வெட்டுறப்போ அண்ணியே சொன்னாங்க, சூரை இன்னும் உள்ள வெதுவெதுன்னு இருக்கேன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அஞ்சு மணிக்கு குழம்பு அடுப்புல ஏறுச்சு, அஞ்சரைக்கு சாப்பிட்டோம்.

ஆறு மணிக்கெல்லாம் அண்ணிக்கு மூஞ்சி, கழுத்து, நெஞ்சு எல்லாம் செக்கச்செவேல்னு ஆயிருச்சு. நெஞ்சு படபடப்பு, தலைவலி, அப்புறம் வயித்தால போச்சு. அவங்க பையன் தலை வலிக்குதுன்னு போய் படுத்துட்டான், காலைல வெயில்ல கிரிக்கெட் ஆடுனதுன்னு நெனச்சோம். எனக்கு வாய்க்குள்ள சுருசுருன்னு மிளகு கடிச்ச மாதிரி இருந்துச்சு, காது சூடாச்சு, கன்னம் எரிஞ்சுது. நான் யார்கிட்டயும் சொல்லல. டர்பன் கறி காரம் உங்களுக்கு தெரியுமான்னு தெரியல, நம்ம ஊரு காரத்தையே தூக்கி சாப்பிடும், காரம் தாங்கலன்னு தூத்துக்குடிக்காரன் அந்த வீட்ல சொல்ல முடியுமா, மானம் போயிரும்னு வாய மூடிக்கிட்டு தண்ணி குடிச்சேன். இந்த ஒரு வெக்கத்தால தான் நாலு மாசம் வீணா போச்சுன்னு இப்பவும் நெனைக்கிறேன்.

ராத்திரி டாக்டர்கிட்ட போனாங்க. ஊசி போட்டாரு, ஒரு மணி நேரத்துல செவப்பு எறங்கிருச்சு. மீன் அலர்ஜி, இனிமே மீன் சாப்பிடாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அவரை குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, அவர்கிட்ட போய் நின்னது ஒரே ஒரு ஆள், மீன் சாப்பிட்டு ஒடம்பு செவந்த ஒரு ஆள். அலர்ஜி மாத்திரைக்கு கேட்டுச்சு வேற. மத்த ரெண்டு பேர் கதை அவர் காதுக்கு போகவே இல்ல.

நாலு மாசம் கழிச்சு ஒரு போன்

அம்பது வயசு வரைக்கும் வாரத்துக்கு மூணு நாள் மீன் சாப்பிட்ட அம்மா, திடீர்னு தொடக்கூடாதுன்னா எப்படி இருக்கும். ஜூன்ல சார்டின் ரன் வந்துச்சு, சாளை மீன் கூட்டம் கூட்டமா கரைக்கு வர்ற சீசன், ஊரே வாளிய எடுத்துக்கிட்டு பீச்சுக்கு ஓடும், வல இழுக்குற பழைய குடும்பங்கள்ல நம்மாளுங்க நிறைய. அண்ணி வாளி வாங்கி சுத்தம் பண்ணி எல்லாருக்கும் பொரிச்சு குடுத்துட்டு அவங்க பருப்பு சோறு சாப்பிட்டாங்க. அதை பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி ஊர்ல இருக்குற என் ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரில படிச்சவன். கதைய ஆரம்பிச்சதும் குறுக்க கேட்டான்: "எத்தன பேரு சாப்பிட்டீங்க, எத்தன பேருக்கு ஏதாச்சும் ஆச்சு?"

அப்ப தான் எண்ணி பார்த்தேன். அண்ணி, பையன், நான். அஞ்சுல மூணு.

"அலர்ஜின்னா ஒரே நாள்ல மூணு பேருக்கு எப்படிடா வரும், மீனு தான் கெட்டுப்போயிருக்கு"ன்னான். கெட்டுப்போகல, வாசனையே இல்ல, கண்ணு பளபளன்னு இருந்துச்சுன்னு சண்டை போட்டேன். அதுக்கு அவன் சொன்னது தான் இந்த முழு கதையோட சாவி. சூரை, வஞ்சிரம், காணாங்கெளுத்தி, சாளை, டொராடோ (மாஹி மாஹி), அப்புறம் இங்க நாங்க ஷாட்னு சொல்ற இன்னொரு மீன், இதெல்லாத்தோட சதைலயும் ஹிஸ்டிடின்னு ஒரு பொருள் இயற்கையாவே நிறைய இருக்கு. செவுள்லயும் குடல்லயும் இருக்குற சில பாக்டீரியா, மீன் செத்ததும் சதைக்குள்ள எறங்கி அதை ஹிஸ்டமினா மாத்திரும். அலர்ஜி வந்தா நம்ம ஒடம்பே உண்டாக்குற அதே ஹிஸ்டமின், ஆனா இது வெளிய இருந்து தட்டுல வருது. அதான் பார்க்க அப்படியே அலர்ஜி மாதிரி இருக்கும், அலர்ஜி மாத்திரைக்கும் கேக்கும். இதுக்கு ஸ்காம்ப்ராய்ட் விஷம்னு பேரு. மோசம் என்னன்னா, ஹிஸ்டமினுக்கு வாசனை கிடையாது, கொதிக்க வெச்சாலும் போகாது, ஃப்ரீஸ் பண்ணாலும் போகாது. ஒரு தடவ உண்டாச்சுன்னா உண்டாச்சு தான். குழம்பு எவ்வளவு கொதிச்சாலும் பாக்டீரியா தான் சாகும், அது போட்டுட்டு போனது அப்படியே இருக்கும்.

அந்த மிளகு கடிச்ச மாதிரி சுருசுருப்பு இருக்கே, அது தான் நாக்குக்கு கெடைக்குற ஒரே எச்சரிக்கை. அதை நான் மசாலா கணக்குல எழுதிட்டேன்.

எங்க கோட்ட விட்டோம்

அதுக்கப்புறம் நானும் அண்ணனும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து அன்னைக்கு நடந்ததை நிமிஷம் நிமிஷமா பேப்பர்ல எழுதுனோம். போன்ல போட்டோ இருந்ததால நேரம் சரியா கெடைச்சுது.

முதல் கேள்வி, ஏன் சூரை மட்டும். அண்ணன் கூடா வறுவல் மட்டும் தான் சாப்பிட்டாரு, அவருக்கு ஒண்ணுமே இல்ல. கூடாவும் ஹிஸ்டிடின் உள்ள மீன் தான், ஆனா அது மூணு மணி நேரம் லேட்டா செத்துச்சு, ஐஸ் பாட்டில் மேல படுத்துச்சு. சூரை செத்ததுல இருந்து வெட்டுற வரைக்கும் ஒழுங்கா ஐஸ்ல இருந்ததே இல்ல. அமெரிக்காவோட உணவு, மருந்து கண்காணிப்பு அமைப்பு எஃப்டிஏ மீன் தொழில்காரங்களுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கு: காத்தோ தண்ணியோ 28.3 டிகிரிக்கு மேல இருந்தா செத்து ஆறு மணி நேரத்துக்குள்ள மீன் ஐஸ்ல இருக்கணும், அதுக்கு கம்மியா இருந்தா ஒம்பது மணி நேரம், அதுவும் கடைசி எல்லை தான், முடிஞ்ச வரைக்கும் சீக்கிரம். பிப்ரவரில டர்பன் கடல் தண்ணி 26 டிகிரி பக்கம் இருக்கும், ஆனா என் மீன் தண்ணில இல்ல, மூடி போட்ட ஹேட்ச்சுல இருந்துச்சு. பின்னாடி ஒரு நாள் தெர்மாமீட்டர் போட்டு பார்த்தேன், பத்து மணிக்கு மூடிக்கு கீழ 34. ஹேட்ச்சுக்குள்ள போட்டா வெயில் படாதுன்னு நெனைச்சோம், வெயில் படல தான், ஆனா அது நிழல்ல வெச்ச அடுப்பு.

இன்னொண்ணு சூரையோட ஒடம்பே சூடு. சூரை வகை மீனுக்கெல்லாம் சதை சூட்ட வெளிய விடாம புடிச்சு வெக்குற ரத்தக்குழாய் அமைப்பு இருக்கு, கடல் தண்ணிய விட ஒடம்பு சில டிகிரி ஜாஸ்தி சூடா இருக்கும், அதுலயும் இருபது நிமிஷம் போராடுனா இன்னும் ஏறும். அந்த சூட்டோட போய் சூடான ஹேட்ச்சுல கெடந்துச்சு, ஆறவே வழி இல்ல, அண்ணி வெதுவெதுன்னு சொன்னது அதனால தான் இருக்கணும். மூணு மணிக்கு, புடிச்சு ஒம்பது மணி நேரம் கழிச்சு, இன்னும் வெதுவெதுப்பு. இப்ப யோசிச்சா வயித்தை பெசையுது.

ரெண்டாவது கேள்வி, பாட்டிக்கு ஏன் ஒண்ணும் ஆகல. அண்ணனோட அம்மா, எழுபத்தெட்டு வயசு, அவங்களும் சூரை குழம்பு தான் சாப்பிட்டாங்க. ஹிஸ்டமின் ஒரு மீன் முழுக்க சமமா இருக்காதாம், பொதுவா செவுள், வயிறு பக்கம் ஜாஸ்தி, வால் பக்கம் கம்மி. அண்ணிக்கு வயித்து துண்டு தான் புடிக்கும். பாட்டி முள்ளுக்கு பயந்து வால் துண்டு ஒண்ணே ஒண்ணு. இதுக்கு மேல நிரூபிக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல, மீன் மிச்சம் இருந்தா லேப்ல குடுத்திருக்கலாம், நாய்க்கு கூட மிச்சம் வெக்கல.

மூணாவது ஐஸ். ரெண்டு லிட்டர் கோக் பாட்டில் ரெண்டு, தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சது. அந்த காலத்துல ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ கரண்ட் போகும், ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல. காலைல எடுக்குறப்போ பாட்டில் நடுவுல தண்ணி குலுங்குச்சு. பரவால்லன்னு எடுத்துட்டு போனோம். முழுசா ஒறைஞ்சிருந்தா கூட பத்துமான்னு பின்னாடி கணக்கு போட்டேன்: ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் சூட்ட இழுக்கும், ஒரு கிலோ மீன ஒரு டிகிரி எறக்க மூணரை கிலோஜூல் எடுக்கணும். பதிமூணு கிலோ மீன 27ல இருந்து 2 டிகிரிக்கு எறக்க மட்டும் மூணரை கிலோ ஐஸ் வேணும், வெளில இருந்து வர்ற சூடு தனி. எங்ககிட்ட இருந்த நெஜ ஐஸ் ரெண்டு கிலோ இருந்தா ஜாஸ்தி, அதுவும் மீன் வர்றதுக்கு முன்னாடியே பாதி கரைஞ்சிருக்கும். அது போக பாட்டில் உருண்டை, மீனும் உருண்டை, ரெண்டும் ஒரு கோடு மாதிரி தான் தொடும். நடுவுல எல்லாம் காத்து.

நாலாவது ஈர சாக்கு. இதுல அண்ணனுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் ஆச்சு. அவங்க தாத்தா காலத்துல எல்லாரும் ஈர சாக்குல தான் சுத்தி கொண்டு வந்தாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னாரு. அவங்க தாத்தா பெரும்பாலும் கரைல நின்னு ஷாட் புடிச்சவரு, குளிர்காலத்து மீன், புடிச்சு ரெண்டு மணி நேரத்துல சட்டில. ஈர சாக்கு தண்ணி ஆவியாகுறதால தான் குளிரும், காத்து காஞ்சு இருந்தா தான் அது வேலை செய்யும். டர்பன் பிப்ரவரி காத்தை புழிஞ்சா தண்ணி வரும். அந்த ஈரப்பதத்துல சாக்கு எவ்வளவு நனைச்சாலும் 23, 24 டிகிரிக்கு கீழ எறங்க வழியே இல்ல. பாக்டீரியாவுக்கு 24 டிகிரி சுகமான வெயில்.

எனக்கு இதுல ரொம்ப ஒறைச்சது வேற. எங்க மாமா போட்டுக்கு போனவரு. ஹார்பர்ல ஐஸ் பார் ஒடச்சு பொடியாக்கி ஏத்தாம ஒரு நாள் கூட போட்டு கெளம்பாது, டீசலுக்கு கடன் சொன்னாலும் ஐஸுக்கு சொல்ல மாட்டாங்க. சின்ன வயசுல அந்த ஐஸ திருடி தின்னு வளந்தவன் நான். இங்க வந்து இருபதாயிரம் ராண்டுக்கு மேல ஸ்கிக்கும் ராடுக்கும் ரீலுக்கும் ஃபிஷ் ஃபைண்டருக்கும் செலவு பண்ணிட்டு, ஐஸுக்கு கோக் பாட்டில்.

மார்க்கெட்டுக்கு போற மீன்னா யாராவது எங்கயாவது டெம்பரேச்சர் பாப்பாங்க. நாங்க வெச்சிருக்கறது போஸ்ட் ஆபீஸ்ல வாங்குன பொழுதுபோக்கு பெர்மிட், புடிச்சதை விக்கக்கூடாது, வீட்டுக்கு மட்டும் தான். அப்ப அதை சோதிக்கற ஆளு நம்ம வீட்டு வயிறு தான்.

அப்புறம் என்ன மாத்துனோம்

முதல்ல பண்ணது தப்பு. கெட்டியான கூலர் பாக்ஸ் ஒண்ணு வாங்கி ஸ்கி பின்னாடி கட்டுனேன். பத்து கிலோ ஐஸோட அது உக்காந்தா ஸ்கி தலை கனத்த ஆளு மாதிரி ஆடுது, வெச்சஸ்ல கூட சின்ன அலைக்கு பொரண்டேன், மூடி தொறந்து ஐஸ் எல்லாம் இந்திய பெருங்கடலுக்கு தானம். ஒசரத்துல கனம் வெக்கவே கூடாது, அதுவும் உருண்டு ஆடுற கனம்.

இப்ப இருக்கறது மீன் பைன்னு தனியா விக்கற, நுரை வெச்சு தெச்ச நீள பை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், மீனோட வடிவத்துலயே இருக்கும், அடில தண்ணி தொறந்து விட ஒரு அடைப்பான். அது ஹேட்ச்சுக்குள்ளயே எறங்குற அளவு பார்த்து வாங்குனேன், அதனால கனம் கீழ இருக்கு, ஹேட்ச் மூடிக்கும் மீனுக்கும் நடுவுல நுரையும் இருக்கு. போற வழில கராஜ்ல, அதாவது பெட்ரோல் பங்க்ல, மூட்டை ஐஸ் வாங்குறோம், ஆளுக்கு ஆறு கிலோ. கட்டி ஐஸ் வேணாம், பொடி ஐஸா இருந்தா தான் மீன சுத்தி எறங்கும்.

கரைல இருந்து எறங்குறப்போ வெறும் ஐஸ் மட்டும். தண்ணி சேர்க்கக்கூடாது, அலை தாண்டுறப்போ பைக்குள்ள தண்ணி முன்னும் பின்னும் அடிச்சா ஸ்கி கேக்காது. அலை ஒடையிற எடத்தை தாண்டி பேக்லைனுக்கு வெளிய போனதும், முதல் மீன் வந்ததும் தான் கடல் தண்ணி, ரெண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு. உப்பு தண்ணியும் ஐஸும் சேந்தா சுழியத்துக்கும் கொஞ்சம் கீழ போகும், மீனோட ஒவ்வொரு இஞ்சையும் குளிர் தொடும். கைய விட்டா பத்து எண்றதுக்குள்ள வலிக்கணும், வலிக்கலன்னா ஐஸ் பத்தலன்னு அர்த்தம். அந்த தண்ணிய அம்கேனி ஆத்து வாய் பக்கத்துல மொண்டுராதீங்க, 2022 ஏப்ரல் வெள்ளத்துல சாக்கடை லைன் எல்லாம் ஒடஞ்சு பீச்சே மூடி கெடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மழைக்கு அப்புறம் நான் நல்லா வெளிய போய் தெளிஞ்ச தண்ணியா பார்த்து தான் எடுப்பேன்.

கரை திரும்புறப்போ அலைக்கு முன்னாடி அடைப்பான தொறந்து தண்ணிய வடிச்சிருவோம், ஐஸ் உள்ளயே நிக்கும். பைய ஸ்கியோட கொக்கி போட்டு கட்டணும். ஒரு தடவ கட்டாம விட்டு, ஸ்கி பொரண்டு, பை மிதந்து போய், ஜிப் வழியா ரெண்டு டொராடோ எனக்கு டாட்டா காட்டுச்சு.

மீன சாகடிக்கறதும் இப்ப வேற மாதிரி. கண்ணுக்கு பின்னாடி கொஞ்சம் மேல மூளை இருக்குற எடத்துல கூரான கம்பில ஒரு குத்து, ஜப்பான்காரங்க இகேஜிமேன்னு சொல்றது, ஒடம்பு ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து அடங்கிரும். துள்ளி துள்ளி சாகுற மீன் சதை சூடேறி புளிச்சு போகும், சூரைல அது நல்லாவே தெரியும், சதை வெளுத்து மாவு மாதிரி ஆயிரும். அப்புறம் செவுள் பக்கம் வெட்டி ரத்தம் எடுக்கணும். இங்க தான் சுறா பிரச்சன. சில ஊர்ல மீன கயித்துல கோத்து தண்ணிலயே தொங்க விடுவாங்க, நட்டால்ல அப்படி செய்றவன் சுறாவுக்கு தட்டு போட்டு குடுக்குறான், தூண்டில்ல இருக்குற மீனையே பாதி கடிச்சுட்டு போற ஆளுங்க, அதனால தான் இங்க சுறாவுக்கு டாக்ஸ்மேன்னே பேரு, வரி வாங்குறவன். அதனால நான் ஒரு சின்ன மடக்கு வாளில கடல் தண்ணி வெச்சு அதுல தலைகீழா அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சுட்டு, அந்த ரத்த தண்ணிய ஊத்திட்டு அந்த எடத்தை விட்டு வேகமா துடுப்பு போட்டு தள்ளி போயிருவேன். அண்ணன் அதையும் செய்ய மாட்டாரு, ரத்தத்தோட ஐஸ்ல போட்டுருவாரு. ஐஸா ரத்தமான்னு கேட்டா அவரு பக்கம் தான் நியாயம்னு நானும் ஒத்துக்குவேன், ரத்தம் ருசிக்கு, ஐஸ் உயிருக்கு.

இன்னும் தீராத ஒரு தொல்லை பெரிய கூடா. ஒரு மீட்டர் இருபது நீளத்துக்கு ஒண்ணு வந்தா பைல வால் வெளிய நிக்கும். கரைக்கு வர்ற வரைக்கும் என்ன இனம், என்ன அளவுன்னு தெரியற மாதிரி மீன் முழுசா இருக்கணும்ங்கறது சட்டம், கடல்ல வெச்சு தலை வால் வெட்டி துண்டு போட முடியாது. மடக்கி திணிச்சா வெறைச்ச பிறகு நிமித்துறப்போ சதை கிழியும். தலையும் வயிறும் ஐஸ்ல முங்கி, வால் மட்டும் ஈர துணி சுத்தி வெளிய, இது தான் இப்போதைக்கு. ஹிஸ்டமின் கதைய பார்த்தா முன்பக்கம் தானே முக்கியம்னு மனச தேத்திக்கறேன்.

கரைல போட்டோவுக்கு ஒரு நிமிஷம், அதுக்கப்புறம் மறுபடி பை. கார்ல, வீட்ல, வெட்டுற வரைக்கும் அதே பை தான், ஃப்ரிட்ஜ நம்புறதில்ல. 2024 மார்ச்சுக்கு அப்புறம் கரண்ட் பெருசா போறதில்ல, இருந்தாலும் நாலு கிலோ சூடான மீன வீட்டு ஃப்ரிட்ஜ் எறக்கணும்னா ராத்திரி ஆயிரும்.

அண்ணி விஷயம். டாக்டர்கிட்ட மறுபடி போய் அஞ்சுல மூணு பேருங்கற கதைய முழுசா சொன்னோம், நான் என் காரக் கதையையும் சேர்த்து சொல்ல வேண்டியதா போச்சு, அண்ணி என்னை பார்த்த பார்வை இருக்கே. அலர்ஜி டெஸ்ட் எடுத்தாங்க, மீனுக்கு ஒண்ணும் இல்ல. ஆகஸ்ட்ல ஒரு ஷாட் மீன், ஐஸ்லயே வந்தது, முதல் நாள் ஒரு சின்ன துண்டு, மறுநாள் முழு தட்டு.

சூரை மட்டும் இன்னும் அந்த வீட்டுக்குள்ள போகல, அதை நான் தான் தனியா சமைச்சு சாப்பிடுறேன். மத்த மீன் எதுவா இருந்தாலும் நாங்க வாசல்ல பைய எறக்குனதும் அண்ணி வந்து ஜிப்ப தொறந்து கைய ஐஸுக்குள்ள விட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தமிழ்ல எண்ணுவாங்க. ஏழு எட்டுலயே அம்மான்னு கைய எடுத்துட்டா, அருவாமனைய எடுக்க உள்ள போவாங்க. போன மாசம் பத்து வரைக்கும் எண்ணிட்டாங்க. அன்னைக்கு சாம்பார்.